குளத்துக்குக் கீழே ஒரு காடு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் புவியியல் ரீச்சர் இலங்கைப் படம் கீறச் சொல்லுவார். ஆறுகளை நீலத்தில் இழுத்து, பெரிய குளங்கள் நாலைந்தைக் குறித்தால் புள்ளி கிடைத்துவிடும். வரண்ட வலயத்துக் கிராமங்களுக்குச் சோறு போடுவது படத்தில் இடமில்லாத சிறு குளங்களே என்பது, கமநலத் துறையில் வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுப்பதையே சிறு குளம் என்கிறோம். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேற்குளத்தின் வான் நீரும் அதன் வயல்களில் கழியும் நீரும் கீழ்க்குளத்துக்குப் போகும்; அங்கிருந்து அடுத்ததற்கு. சிங்களத்தில் இதை 'எல்லங்காவ' என்பார்கள். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இந்தத் தொடர் அமைப்பை ஆய்வுலகுக்கு எடுத்துக்காட்டினார். 2017இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் இதனை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

குளம் என்றால் அணைக்கட்டும் துருசும் மட்டுமல்ல. நீர் வரும் பக்கத்தில் காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்க ஒரு மர வரிசை. வண்டலை வடிக்க ஒரு புல்தரை. அணைக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவில் 'கட்டகடுவ' எனும் சிறு காடு. மருது, இலுப்பை, தாழை, மூலிகைக் கொடிகள் எல்லாம் அதில் நிற்கும். அணையிலிருந்து கசியும் நீரில் உள்ள உப்பை வயலுக்குப் போகவிடாமல் பிடித்துவைப்பது அந்தக் காடுதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, பிழைவிட்டுப் படித்தேன். இளம் உத்தியோகத்தராக இருந்தபோது ஒரு கிராமத்தில், "சும்மா கிடக்கிற பற்றைதானே" என்று அந்தத் துண்டை வெட்டி வயலாக்கச் சம்மதம் சொன்னேன். ஒரு மூதாட்டி மட்டும், "பிள்ளை, அது குளத்தின்ரை வடி" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். சில போகங்களில் அணைக்கு அருகிலிருந்த வயல்களில் உப்புப் பூத்தது. நெல் மஞ்சளித்து நின்றது. அவற்றில் ஒன்று அந்த ஆச்சியின் வயல்.

அதைத் திருத்தியவர்களும் அந்த ஊரவர்களே. கமக்காரர் அமைப்பு கூடி, வெட்டிய துண்டை மறுபடி காடாக விடுவதென்று தீர்மானித்தது. நிலம் இழந்தவர்களுக்கு வேறிடத்தில் பங்கு கொடுத்தார்கள். கன்றுகளுக்கு நீர் சுமந்தவர்கள் பெண்கள். உப்பு முற்றாகப் போகவில்லை. ஆனாலும் விட்டுப்போன வயல்கள் சில மீண்டும் விளைகின்றன.

பங்கு என்ற சொல்லைச் சிங்களக் கிராமங்களும் அப்படியே சொல்கின்றன. வயலின் அளவுக்கேற்ப அணைக்கட்டில் அவரவர் பராமரிக்கும் நீளம் அது. நீர் குறைந்த சிறுபோகத்தில் 'பெத்ம' என்றொரு வழக்கமும் உண்டு. குளத்துக்குக் கிட்டிய வயல்களில் மட்டும் பயிர் செய்து, உரிமையாளர் யாரென்று பாராமல் எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தி, அடுத்த ஆண்டு நாடே வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் குளத்து விராலும் தாமரைக் கிழங்கும், குளத்தால் ஊறும் கிணற்றடித் தோட்டமும் உள்ள வீட்டில் ஒரு கறியாவது இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்க்குளத்தைத் திருத்தப் பணம் அனுப்புகிறீர்கள், மிக நல்லது. ஆனால் பணம் போனதும் முதலில் வருவது பெக்கோ இயந்திரம். அது அடியிலுள்ள களிப்படையையும் சேர்த்துத் தோண்டிவிட்டால் நீர் நிலத்துக்குள் இறங்கிவிடும். வானை ஓரடி உயர்த்தினால், மேலேயுள்ள வயல் மூழ்கும், கீழ்க்குளம் காயும். ஆகவே அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: மேலே எந்தக் குளம், கீழே எந்தக் குளம், அந்த ஊரவர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தீர்களா? கூட்டக் குறிப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அதில் பெண்களின் கையொப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.