கெட்டரிங் சந்தையும் ஒரு காணிக்கைப் பெட்டியும்

(நமது மருத்துவமனையின் ஸ்தோத்திரப் பண்டிகையன்று நடந்த ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயரவர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து வெளியே ஏலச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாழைத்தார், பூசணிக்காய், கால் கட்டிய சேவல். இந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்ச் சந்தை ஞாபகம் வருவதில்லை. இங்கிலாந்தில் ஒரு சந்தைதான் ஞாபகம் வருகிறது. என் பேச்சைக் கேட்டு என்னைத் திருநெல்வேலிச் சீமைக்காரன் என்று சரியாகவே கண்டுபிடிக்கிறீர்கள். ஆனாலும் ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை, அதாவது 1964 முதல் 1975 வரை, நான் வளர்ந்தது நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள கெட்டரிங் என்ற ஊரில். என் தகப்பனார் டாக்டர். அந்நாட்களில் அந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு டாக்டர்கள் போதாமல், நம் நாட்டிலிருந்து ஏராளமானோர் போனார்கள். அவர்களில் ஒருவர்.

கெட்டரிங் ஒரு சந்தை ஊர். 1227-ஆம் ஆண்டு மூன்றாம் ஹென்றி ராஜா வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு உரிமை கொடுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தைத் திடலை ஒட்டியே பரிசுத்த பேதுரு பவுல் ஆலயம். அதன் ஊசிக் கோபுரம் ஊருக்கு வெளியே வெகு தூரத்திலிருந்து தெரியும். வெளியூர் போய்த் திரும்பும்போது அதை முதலில் காண்பது யார் என்று எனக்கும் தங்கைக்கும் போட்டி. அதன் நிழலில் கித்தான் கூரை போட்ட கடைகள். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, துண்டுத் துணிகள், பீங்கான் தட்டுகள். அம்மா சேலைக்கு மேல் கனத்த கோட்டு போட்டுக்கொண்டு, கையில் சாக்குப்பையோடு போவார்கள். பச்சை மிளகாய் கிடைக்காது. கொத்தமல்லி கிடைக்காது. முள்ளங்கி போலவே இருந்து முள்ளங்கியாக இல்லாத பார்ஸ்னிப் என்றொரு கிழங்கு உண்டு, அது தித்திக்கும். தெரியாமல் அம்மா அதைப் போட்டு ஒரு நாள் சாம்பார் வைத்துவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

கோடையில் விக்ஸ்டீட் பூங்காவுக்குப் போவோம். 1921-இல் பிள்ளைகளுக்கென்றே திறந்த பூங்கா அது. ஏரியைச் சுற்றிச் சின்ன ரயில் ஓடும். மற்ற நாளெல்லாம் ஊர் முழுவதும் தோல் வாசனைதான். வரிசை வீடுகளுக்கு நடுநடுவே செங்கல் கட்டடங்களாகச் செருப்புத் தொழிற்சாலைகள். முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் பூட்ஸ் தைத்த ஊர். வேலை முடியும் நேரத்தில் தெரு நிறைய மனிதர் வருவார்கள். இன்று அந்தத் தொழிற்சாலைகளில் அநேகம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருந்தார். பெயர் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே “பக்கத்து வீட்டுப் பாட்டி” தான். தொழிற்சாலையில் பூட்ஸின் மேல்தோலை மிஷினில் தைக்கிற வேலை. எத்தனை ஜோடி தைத்தாரோ அத்தனைக்குக் கூலி. வெள்ளிக்கிழமை கூலிக் கவரை வாங்கிக்கொண்டு, கடைகளைப் பிரிக்கிற நேரம் பார்த்துச் சந்தைக்குப் போவார். அப்போதுதான் விலை இறங்கும். வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றுமுன், கணப்புக்கு மேலே பலகையில் இருக்கிற ஒரு சிறு மரப்பெட்டியில் காசு போடுவார். மிஷனெரி காணிக்கைப் பெட்டி.

அவர் பாப்திஸ்து சபையார். ஞாயிறு மதியம் என்னைத் தம்முடைய சபையின் ஓய்வுநாள் பள்ளிக்குக் கூட்டிப்போவார். அந்த ஊர் பாப்திஸ்துகளுக்கு ஒரு பெருமை உண்டு. லோயர் தெருவில் வாலிஸ் என்ற விதவையின் வீட்டுப் பின்னறையில் 1792 அக்டோபர் 2 அன்று சில போதகர்கள் கூடி பாப்திஸ்து மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று எழுதிக்கொடுத்த காணிக்கை மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதை ஆண்ட்ரு ஃபுல்லருடைய பொடி டப்பாவில் சேர்த்தார்கள். மூக்குப்பொடி டப்பாதான்! பாட்டி இதைப் போன வாரம் நடந்தது போலச் சொல்வார். அந்தக் கூட்டத்தில் இருந்த வில்லியம் கேரியும் செருப்புத் தைத்தவர்தான் என்று சொல்லும்போது நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

நான் ஒரு நாள் நம்முடைய கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஆச்சி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள் என்றேன். “ஒரு பிடி என்றால் எவ்வளவு?” என்று கேட்டார். என் கையை மூடிக் காட்டினேன். “உன் கையா, அவர்கள் கையா?” என்றார். கணக்கில் கெட்டிக்காரர்.

அந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையில் கட்டோடு ஒரு சிறுவன். இந்தியச் சிறுவன். என் நிறம், என் வயது. ஓய்வுநாள் பள்ளியிலும் அதே பெட்டி. எனக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது, காசு போட வரிசையில் நின்ற ஒரு பையன் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, “இது நீதானே?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் அல்ல. அவர்களுக்குத் தெரிந்த இந்தியர் இரண்டே பேர், நானும் அந்தப் படத்துப் பையனும்.

என் தகப்பனார் அந்த நாட்டு ஜனங்களுக்கு வைத்தியம் செய்கிறவர். அப்படியிருக்க நான் எப்படிக் கட்டிலில் படுத்திருப்பவனாவேன்? அன்று மாலை பாட்டி வீட்டுக்குப் போனதும் பெட்டியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மறுநாள் அது நேராக இருந்தது. மறுபடி திருப்பினேன். இப்படி ஒரு வாரம். கடைசியில் பாட்டி கேட்டார். “அது நான் இல்லை” என்றேன், அழுதுவிட்டேன்.

“இல்லைதான். அப்படியானால் அவன் யார்?” என்றார்.

“தெரியாது.”

பாட்டி வெகு நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “எத்தனையோ வருஷமாகக் காசு போடுகிறேன். எனக்கும் அவன் பெயர் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.”

அவ்வளவுதான். பெட்டி அதே இடத்தில் இருந்தது. அவர் காசு போடுவதை நிறுத்தவில்லை, படத்தைக் கிழிக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் காசு போடுவார்.

பின்னால் நான் செராம்பூர்ப் பட்டத்துக்குப் படித்தபோது, 1818-இல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் தொடங்கிய கல்லூரியின் பெயர் என் சான்றிதழில் வந்தது. அந்த 13 பவுனில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சபைச் சரித்திரப் பாடத்தில் ஒரு பெயரில் வந்து நின்றேன். கேரியோடு 1793-இல் வங்காளத்துக்குப் போனவர் ஜான் தாமஸ் என்ற வைத்தியர். 1800-ஆம் ஆண்டு செராம்பூரில் ஒரு தச்சர் விழுந்து தோள் விலகி வலியோடிருக்க, தாமஸ் அதைச் சரிசெய்தார். அந்தத் தச்சர் அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று ஞானஸ்நானம் பெற்றார். அவர் பெயர் கிருஷ்ண பால். நம்மைப் போன்ற ஆஸ்பத்திரி ஊழியத்தின் ஆரம்ப நாட்களிலேயே ஒரு நோயாளியின் பெயரை எழுதிவைத்தார்கள். பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்குச் சமயம் வாய்க்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷங்களுக்கு முன் தீக்காய வார்டில் ஒரு சிறுவன் இருந்தான். நமது செய்தி மடலின் அட்டைக்கு அவனைப் படம் எடுக்கச் சொன்னவன் நானேதான். தகப்பனாரிடம் கேட்டேன், சரி என்று தலையாட்டினார். இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவர் வேறு எப்படித் தலையாட்டுவார்? அன்று இரவு என் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, “ஐயா, தப்பா நினைக்காதீங்க. பய ஊருக்குப் போயி பள்ளிக்கூடம் போகணும். பிள்ளைங்க பாத்தா சிரிக்கும்” என்றார்.

படம் அச்சாகவில்லை. அதற்குப் பிறகு எந்த நோயாளியின் முகமும் நம் மடலில் வரவில்லை. உங்களில் சிலர் வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினீர்கள். எங்கள் பணம் யாருக்குப் போகிறது என்று காண வேண்டாமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. படம் போட்டால் காணிக்கை கூடுகிறது என்று நம் பொருளாளர் சொல்வதும் பொய்யல்ல. அட்டையில் கட்டடத்தைப் போட்ட பிறகு வரவு குறைந்தது. டயாலிசிஸ் மிஷின் வாங்குவது தள்ளிப்போயிருக்கிறது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இருந்தாலும் அந்த முடிவை மாற்றும்படி கமிட்டியிடம் நான் கேட்கப்போவதில்லை.

காண விரும்புகிறவர்கள் கண்டுகொள்ள வழி இருக்கிறது. அசனம் முடிந்து, பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். நான் வார்டு வாசலில் நிற்பேன். உள்ளே போனதும் முதலில் பெயரைக் கேளுங்கள், வியாதியைப் பிறகு கேட்கலாம். செல்போனை மட்டும் தயவுசெய்து வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.