ரத்தம் வராத ஈறும் நோயாளிதான்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



எங்க அப்பா தினம் ஒரு கட்டு பீடி குடிப்பாரு. "என் ஈறுல ரத்தமே வராது"ன்னு பெருமையா சொல்லுவாரு. ஐம்பது வயசுல பல்லெல்லாம் ஆடி விழுந்துடுச்சு.

பீடிப் புகை ஈறில் ரத்தக் கசிவைக் குறைத்துவிடும். நோய் உள்ளே மறைந்தே வளரும். ஆனால் எச்சில் காட்டிக்கொடுக்கும். புகையும் ஈறு நோயும் சேர்ந்தால், இரும்பு துருப்பிடிப்பது போல, உடம்புச் செல்களின் கொழுப்பு சிதையும். அப்போது உண்டாகும் 'மாலோன்டைஆல்டிஹைடு' எச்சிலில் கூடுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

நமக்கு அந்தச் சோதனை தேவையில்லை. வாய் நாற்றம், ஈறு இறங்குவது, பல் ஆடுவது இருந்தால் வீட்டுக்காரரை அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பீடியை விட்ட புதுசுல ரத்தம் கசிஞ்சா பயப்படாதீங்க. மறுபடி பீடியை எடுக்க விடாதீங்க.