எண்ணிக்கை சாக்ஷியாகுமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாமியைப் பற்றியதல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. புற்றுநோய் ஆராய்ச்சி செய்த ஒருவரின் எழுத்தையும், அதை உலகம் மதித்த விதத்தையும் பற்றியதாகும். இதிலே சுயமரியாதைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. "இந்த டாக்டர் 300 கட்டுரை எழுதியவர், 10,000 தடவை அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், ஆகையால் அவர் சொல்லும் மருந்து மெய்" என்று நம் வாலிபர்களே வாதிடுவதைக் கேட்கிறோம். ரிஷி சொன்னார், வேதம் சொல்லிற்று என்பதை விட்டுவிட்டு வந்தவர்கள், இப்போது எண்ணிக்கையைக் கட்டிக்கொண்டு அழுதால் விட்டதற்கு என்ன பலன்? வீட்டில் ஒருவருக்குப் புற்று வந்துவிட்டால் நிலத்தை விற்றுக்கூட மருந்து வாங்குகிறோமே, அப்போது இந்தக் கேள்வி விளையாட்டல்ல.

முதலில் அந்த எண்ணிக்கை என்ன சங்கதி என்று பார்ப்போம். ஆராய்ச்சிக்காரர் ஒருவர் தாம் கண்டதைச் சஞ்சிகையில் எழுதுகிறார். பின்னால் எழுதுகிறவர்கள், "இன்னார் இன்ன வருஷத்தில் இப்படிக் கண்டார்" என்று தங்கள் கட்டுரையில் குறிக்கிறார்கள். இக்குறிப்புகளையெல்லாம் திரட்டி, யாரை யார் குறித்தார் என்று தேடிப் பார்க்கும்படி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து யூஜீன் கார்பீல்டு என்பவர் 1964ல் ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டார். நல்ல காரியந்தான். ஒரு கருத்து யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அறிய உதவும். 2005ல் ஹிர்ஷ் என்னும் பௌதிக நிபுணர் இதை இன்னும் சுருக்கி ஒரே எண்ணாக்கிவிட்டார். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவையாவது குறிக்கப்பட்டிருந்தால் அவருக்கு மார்க்கு 20. உத்தியோகமும் ஆராய்ச்சிப் பணமும் இம்மாதிரி எண்களைப் பார்த்துக் கொடுக்கப்படலாயின. பணம் எண்ணின் பின்னால் போனால், எண்ணைச் செய்து விற்க ஆள் வராமலிருப்பானா? கூலிக்குக் கட்டுரை தயாரிக்கும் கடைகளே கிளம்பிவிட்டன. தகிடுதத்தம் நடந்திருப்பது வெளிப்பட்டு, ஹிந்தாவி என்ற ஒரே பிரசுர ஸ்தாபனம் 2023ல் 8000க்கு மேற்பட்ட கட்டுரைகளை வாபஸ் வாங்க நேர்ந்தது.

இன்னொரு வேடிக்கை. "இவர் கண்டது அபாரம்" என்று குறித்தாலும் கணக்கில் ஒன்று. "இவர் சொன்னது தப்பு" என்று குறித்தாலும் கணக்கில் ஒன்று!

இப்போது ஆளுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் பெய்டன் ரவுஸ் என்று ஒருவர் இருந்தார். மார்பில் கட்டி கண்ட ஒரு கோழி அவரிடம் வந்தது. கட்டியை அரைத்து, உயிரணு ஒன்றுகூட நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிக்கு ஊசியால் ஏற்றினார். அதற்கும் புற்று வந்தது. அதாவது, உயிரணுவைவிடச் சிறிய ஏதோ ஒரு கிருமி புற்றை உண்டாக்குகிறது என்று ஏற்பட்டது. 1911ல் இதை எழுதினார். பண்டிதர்கள் என்ன செய்தார்கள்? கோழி வியாதி கோழியோடு போகட்டும் என்றார்கள். எலிகளிலும் அப்படிக் காண முயன்று கைகூடாமல், 1915 வாக்கில் அவரே அவ்வேலையை நிறுத்திவிட்டார். (சும்மா இருக்கவில்லை, இரத்தத்தைக் கெடாமல் வைத்திருக்கும் முறையை 1916ல் வெளியிட்டார். அது முதல் மகா யுத்தத்தில் காயம் பட்டவர்களுக்குப் பயன்பட்டது.)

அதே காலத்தில் கோபன்ஹேகன் நகரத்தில் பிபிகர் என்பவர், கரப்பான் பூச்சி மூலம் எலி வயிற்றில் புகும் ஒரு புழுவே புற்றை உண்டாக்குகிறது என்று 1913ல் எழுதினார். உலகம் கைதட்டிற்று. 1926ம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குப் போயிற்று. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். எலிகளின் ஆகாரத்தில் ஏ வைட்டமின் குறைந்ததே முக்கிய காரணமென்றும், அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை உண்மையான புற்றே அல்லவென்றும் தெரிந்தது. பிபிகர் மோசக்காரரல்ல, யோக்கியர்தான். ஆனால் 1926ல் கைதட்டலை எண்ணிப் பார்த்திருந்தால் புழு ஜெயித்திருக்கும், கோழி தோற்றிருக்கும்.

ஆகவே, தோழர்களே, ஒரு டாக்டரை எத்தனை பேர் குறித்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர் கண்டதை அவருக்கு வேண்டாத ஒருவன் வேறு ஊரில் செய்து பார்த்தானா, அதே பலன் வந்ததா என்று கேளுங்கள். மருந்தென்றால், எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், அதைக் கொடுக்காத மற்றொரு கூட்டத்தை வைத்து ஒத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்க இங்கிலீஷ் படிப்பு வேண்டியதில்லை. மாடு வாங்கும்போது கேட்கிற கேள்விதான்.

ரவுஸின் கதை முடியவில்லை. 1933ல் ஷோப் என்பவர் முயலில் மருப் போன்ற கட்டியை உண்டாக்கும் கிருமியைக் கண்டு, அதை ரவுஸிடம் கொடுத்தார். பாலூட்டும் பிராணிகளுக்கும் இது உண்டு என்றாயிற்று. ரவுஸ் மறுபடியும் வேலையில் இறங்கினார். 1966ல், கோழிக் கட்டுரைக்கு 55 வருஷம் கழித்து, தமது 87ம் வயதில் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசுப் பிரசங்கத்திலேயே ஒரு சங்கதி சொன்னார்: பாரம்பரியத்தைக் கொண்டு செல்லும் ஜீன்களில் ஏற்படும் மாறுதலே புற்றுக்குக் காரணம் என்று சொல்லுவதை நாம் ஒப்பமுடியாது என்றார். 1970ல் இறந்துபோனார்.

1976ல் பிஷப், வார்மஸ் என்ற இருவரும் அவர்களுடைய தோழர்களும், ரவுஸ் கண்ட அதே கோழிக் கிருமியைக் கொண்டே ஆராய்ந்து, அதில் புற்றை உண்டாக்கும் ஜீன் ஆதியில் நல்ல கோழியின் உடம்பிலேயே இருப்பதுதான் என்று காட்டினார்கள். குருநாதர் மறுத்த பக்கமே மெய்யாயிற்று. அதற்காக அவ்விருவரையும் யாரும் குருத்துரோகி என்று தள்ளி வைக்கவில்லை; 1989ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.