துறைசார் ஆங்கிலமும் மார்க்க நெறியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆங்கிலம் படித்தால் பிள்ளைகளின் மார்க்கப் பற்று குறைந்துவிடுமோ என்னும் அச்சம் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம் இவ்வச்சத்திற்கு ஒரு விடை. அங்கே பொருளியல், பொறியியல், மருத்துவம் முதலியன ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. மார்க்கக் கல்வியும் உடன் அளிக்கப்படுகிறது.

ஒரு தொழிலுக்கு வேண்டிய மடல், அறிக்கை, ஒப்பந்தம் ஆகியவற்றை எழுதப் பயிற்றுவிப்பதே துறைசார் ஆங்கிலம். இதில் மார்க்க நெறியை இணைப்பது எவ்வாறு? பாடநூலில் ஜான் என்னும் பெயரை அஹ்மத் என மாற்றிவிட்டால் போதுமா? போதாது.

முதலாவது, சொல்லில் தெளிவு வேண்டும். அறிஞர் இஸ்மாயீல் ராஜீ அல்ஃபாரூக்கீ, 1986-இல் வெளிவந்த தம் சிறுநூலில், ஸலாத், ஸகாத் போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே ஆங்கிலத்தில் வழங்க வேண்டும் என வலியுறுத்தினார். 'பிரேயர்' என்னும் ஒரே சொல் தொழுகையையும் துஆவையும் குறித்துவிடுகிறது. நாமோ தமிழில் இரண்டையும் பிரித்தே வழங்குகிறோம். 'சாரிட்டி' என்பது விரும்பிக் கொடுப்பது. ஸகாத்தோ, நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்த பணத்தில் 40-இல் ஒரு பங்கைக் கொடுத்தே தீரவேண்டிய கடமை.

இரண்டாவது, எழுத்தில் நீதி வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியுடன் எழுதவும் பணிக்கிறது. ஒப்பந்தம் வரையும் ஆங்கில வகுப்பிற்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் வேறென்ன? முராபஹா ஒப்பந்தம் எழுதும் மாணவர், அடக்கவிலையையும் இலாபத்தையும் வாங்குபவருக்கு ஒளிவின்றி அறிவிக்கும் வாக்கியத்தை அமைக்கப் பழகுகிறார். அவ்விடத்தில் இலக்கணமும் வாய்மையும் ஒருங்கே பதிகின்றன. பிற சமய மாணவர்க்கும் இவ்வாய்மை பொதுவானதே.

மூன்றாவது, அமானிதம். பிறர் எழுதியதையோ கணினி எழுதித் தந்ததையோ தன்னுடையதெனக் காட்டி மதிப்பெண் பெறுவது அமானித மோசடியே. இதை ஆசிரியர் உணர்த்தாவிடில், மொழி வளரும், மனிதன் வளரமாட்டான்.

அன்பர்களே! நம் ஜமாஅத்தில் கணக்காளர், வழக்கறிஞர், செவிலியர் உள்ளனர். வாரம் ஒருநாள் மஃரிபுக்குப் பின், தத்தம் தொழிலின் ஆங்கிலத்தையும் அதில் பேணவேண்டிய நேர்மையையும் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவர்கள் கற்பிக்க முன்வர வேண்டும். மொழிக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளை வாய்ப்பை இழக்கிறது. நெறியின்றி மொழி கற்கும் பிள்ளை தன்னையே இழக்கிறது. இரண்டையும் நாம் தடுப்போமாக.

வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.