விழுந்தவரைத் தொடத் தயங்க வேண்டாம்

 

நாம் மருத்துவர்கள் அல்லர், வியாபாரிகள். ஆனால் கடைவாசலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் பக்கத்தில் நிற்பது நாம்தான்.

மாரடைப்பும் திடீர் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், வியர்ப்பார். இதய நிறுத்தம் பெரும்பாலும் வயரிங் கோளாறு. இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் நினைவு போய்விடும். முதலாவது, இரண்டாவதில் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

செராஸில் பூப்பந்து ஆடாத வீடு குறைவு. அதனால் இது நினைவிருக்கும். 2024 ஜூன் 30, ஜோக்ஜாகர்த்தாவில் ஆசிய இளையோர் போட்டி. சீனாவின் 17 வயது சாங் சிஜே களத்திலேயே விழுந்தார். மருத்துவக் குழு அவரிடம் வருவதற்குள் விலைமதிப்பில்லாத நொடிகள் போயின. பிள்ளை பிழைக்கவில்லை. 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகனில் டென்மார்க் காற்பந்து வீரர் எரிக்சன் விழுந்தபோது உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆடினார்.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் தரையில் கிடந்து வாய் பிளப்பதுபோல் இழுக்கிறது என்றால் அதுதான் அடையாளம். அந்த இழுப்பை மூச்சு என்று நம்பித்தான் பலர் காத்திருக்கிறார்கள். 999-ஐ அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்ளும். அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைக் கொண்டுபோகிறது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எச்.யு.கே.எம். பக்கம்தானே என்று காரில் தூக்கிப் போடவும் கூடாது. செராஸ் நெரிசலில், பின்சீட்டில் யார் அழுத்துவது?

விழுந்தவர் பெண்ணாக இருந்தால் நம் ஆண்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் சட்டம் வேறு என்பதை ஆலிம்கள் நமக்குச் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

ஏன் நின்றது என்பதை மருத்துவமனை ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோகிராம் வழியாகக் கண்டுபிடிக்கும். இளவயதில் ஒருவர் காரணம் தெரியாமல் இப்படி விழுந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சில கோளாறுகள் பரம்பரையாக வரும். இதை வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

நம் மண்டபத்துக்கு ஒரு ஏ.இ.டி. கருவி வாங்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவே பேசி வழிகாட்டும். தேவையில்லாமல் அதிர்ச்சி கொடுக்காது. ஒன்றே ஒன்று: அலுவலக அறையில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். செருப்பு விடும் இடத்துக்கு மேலே, எல்லாருக்கும் தெரியும்படி மாட்டுங்கள்.