நூலகமும் நம் பிள்ளைகளும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து உதவிச் சம்பளம் பெற்றுக் கல்லூரி புகும் பிள்ளைகளைக் கண்டு மகிழ்கின்றோம். ஆனால், அவருட் பலர் கைப்பேசியில் முதலிற் கண்டதையே மெய்யெனக் கொண்டு எழுதிவிடுகின்றனர். அது அவர் குற்றமன்று. தேடும் முறையை நாம் கற்பித்திலோம்.

பத்துப்பாட்டின் ஏடு தேடி உ. வே. சாமிநாதையரவர்கள் நம் திருநெல்வேலிக்கும் பொருநைக்கரை ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார்கள். ஒரு பிரதியோடு அமையாது, பல பிரதிகளை ஒப்புநோக்கித் தெளிந்த பின்னரே 1889-இல் அச்சிட்டார்கள். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதனவர்கள், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவர்க்குரிய நூல் கிட்டவேண்டுமென வற்புறுத்தினார்கள். தேடக் கல்லாதவனுக்கு நூல் அருகிருந்தும் கிட்டாது.

ஆகவே, பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும், 1990-இல் தோன்றிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் பிள்ளைகள், முதல் மாதத்திலேயே நூலகரை அணுகுவாராக. நூற்பட்டியல் பார்க்கவும், எழுதியவர் யார், எவ்வாண்டில், எந்த ஆதாரங்கொண்டு எழுதினார் என வினவவும், இரு நூல்களை ஒப்பிடவும், எடுத்த இடத்தைக் குறிக்கவும் கற்பாராக. மூத்த மாணவர் இளையவரை உடனழைத்துச் செல்லுமாறு சங்கத்தார் ஏற்பாடு செய்ய வேண்டுகின்றோம். பணம் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது.