வால்வு முன்பெருக்கியும் வீட்டு இசையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்குப் பொறியியல் பட்டம் ஏதும் இல்லை. ஆயினும் வால்வு முன்பெருக்கி ஒன்றைப் பல்லாண்டுகளாக வீட்டில் பேணி, இசை கேட்டு வருகின்றோம். அப்பழக்கத்தால் அறிந்தவற்றுள் சிலவற்றை இங்குக் கூற விரும்புகின்றோம்.

ஹப்சிகுடாவிலும் அதனை அடுத்த தார்நாகா, லாலாகுடா பகுதிகளிலும் வாழும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் பரண்மேல் ஒரு பெட்டி உண்டு. பிழைப்பை நாடித் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த முன்னோர், பாத்திரம் பண்டங்களோடு கட்டிக் கொணர்ந்த இசைத்தட்டுகள் அதில் இருக்கும். இராஜரத்தினம் பிள்ளையின் நாதசுரமும், கே. பி. சுந்தராம்பாளின் குரலும், 1963-இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும் அங்கே உறங்குகின்றன. பழைய வீடு அடுக்ககமாக மாறும் நாளில் அப்பெட்டி பழைய சாமான்காரரின் தராசில் ஏறிவிடுகின்றது. “தட்டு கரகரக்கின்றது, இனி உதவாது” என்பதே காரணமாகக் கூறப்படும். பல வேளைகளில் குற்றம் தட்டில் இல்லை; அதனைப் பேசவைக்கும் கருவியிலேயே உள்ளது. இதனை உணர்த்துவதே நம் நோக்கம்.

முன்பெருக்கி செய்யும் வேலை யாது? தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் இருநூற்றில் ஒரு பங்கு. அதனைப் பெருக்கித் தருவது முதல் வேலை. இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும், உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிக்கின்றனர். தாழ்ந்த சுரம் முழு வலிவோடு பதிந்தால் பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தை முட்டும். உயர்ந்த சுரத்தைக் கூட்டிப் பதித்தால், கேட்கும்போது அதனைக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் உடன் குறையும். இக்கணக்கு 1954-ஆம் ஆண்டளவில் பொது நியதியாயிற்று. 1,000 அதிர்வை நடுவாகக் கொண்டால், 20 அதிர்வில் ஏறத்தாழப் பத்து மடங்கு கூட்டியும், 20,000 அதிர்வில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும் முன்பெருக்கி கணக்கை நேர் செய்கின்றது. அதற்கு முற்பட்ட தட்டுகளில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. மேலும், 78 சுற்றுத் தட்டுக்கு அகன்ற ஊசி வேண்டும். நெடுநேரத் தட்டின் நுண்ணூசியை அதில் ஓட்டினால் கரகரப்பே மிஞ்சும்.

வால்வின் வரலாறு சுருக்கமானது. 1904-இல் பிளெமிங் ஈர்முனை வால்வைக் கண்டார். 1906-இல் அமெரிக்கரான டி பாரஸ்ட் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். பெருக்கும் ஆற்றல் அதனால் பிறந்தது. நம் நாட்டில், பெங்களூரில் 1954-இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. முன்பெருக்கிகளில் பெரிதும் வழங்கும் ஈ.சி.சி. 83 என்னும் வால்வு இன்றும் ருஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்யப்படுகின்றது. இன்றைய சிறு சில்லு இதே வேலையைக் குறைந்த இரைச்சலோடு செய்யும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வால்வுக் கருவியில் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். பழுதானதை மட்டும் மாற்றலாம்.

இனி, கருவியைச் செம்மை செய்யும் முறை. விலை உயர்ந்த பழைய வால்வுகளைத் தேடி அலைவதன்று அது. குறைகளை ஒவ்வொன்றாகக் களைவதே ஆகும். முதலாவது ‘உம்’ என்னும் ஓசை. ஒலியளவுத் திருகைக் குறைத்ததும் அது அடங்கினால் குறை திருகுக்கு முன்னே உள்ளது. அடங்காவிடில் பின்னே உள்ளது. 50 அதிர்வு ஓசை பெரும்பாலும் எர்த் இணைப்பிலிருந்தோ, ஹீட்டர்க் கம்பியிலிருந்தோ, அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்தோ வரும். எர்த்துகளை ஒரே இடத்தில் கூட்டுவதும், ஹீட்டர்க் கம்பிகளை முறுக்கி ஓட்டுவதும், டிரான்ஸ்பார்மரை விலக்கி வைப்பதும் மருந்து. 100 அதிர்வாயின் மின்வழங்கியின் கண்டென்சர் முதுமையுற்றது எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தல். மணிபோல் ஒலித்தால் அவ்வால்வு அதிர்ச்சியைப் பாட்டோடு கலக்கும். பேருந்துகளும், 2017 முதல் மேலே மெட்ரோவும் ஓடும் நம் பெருஞ்சாலையோரத்தார்க்கு இச்சோதனை இன்றியமையாதது. அதனைப் பிற்பட்ட நிலைக்கு மாற்றி, பெட்டியின் அடியில் ரப்பர் கால்கள் வைத்தல் நலம். மூன்றாவது, பழைய காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தம் ஏறிக் குரல் பிளவுபடும். அதே அளவுள்ள புதிய பிலிம் கண்டென்சர் கோட்டியின் குஜராத்தி கல்லியில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். நான்காவது, ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டே செல்கின்றதா என மீட்டரால் அளத்தல். வீதியின் மின்னழுத்தம் ஏறினால் இதுவும் ஏறி வால்வின் ஆயுளைக் குறைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தெரிந்த தட்டு ஒன்றையே போட்டுக் கேட்டல் வேண்டும்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்பெட்டியினுள் 250 வோல்ட்டுக்கு மேலும் நேர்மின்சாரம் இருக்கும். இணைப்பைக் கழற்றிய பின்னும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைக்கும். அது உயிரைக் கொல்ல வல்லது. அறிந்தவர் துணையின்றி மூடியைத் திறத்தல் ஆகாது. சிறுவர் எட்டாத இடத்தில், காற்றோட்டமாக வைத்தல் வேண்டும்.

அன்பர்களே! மெல்லிய குரலைத் தன் இரைச்சல் கலவாமல் பெரிதாக்கித் தருவதே நல்ல முன்பெருக்கி. அயலூரில் வாழும் சங்கத்திற்கும் இதனினும் சிறந்த பணி வேறில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியைத் தராசுக்கு அனுப்புமுன் ஒரு ஞாயிறு மாலை அத்தட்டுகளைச் சங்கத்திற்கு எடுத்து வாருங்கள். சரியான ஊசியில், செம்மையான கருவியில் ஒருமுறை கேட்போம். அதன்பின் விற்பதா வைப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.